புதிதாகச் சேர்ந்த மன்னர்

போரில் மிகவும் ஆபத்தான இடம் போர்க்களம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படித்தவர்கள்கூட இப்படி நினைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல என்பதால் இங்கே திருத்திவிடுகிறேன். போர்க்களத்தில் எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதாவது தெரியும். ஜெயித்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பி வருகிறவனுக்கு அந்த வசதியும் கிடையாது.

நெடுங்கரை நாட்டுக் கொம்பையா அப்படித் திரும்பி வந்தவர். அரண்மனையில் விளக்கேற்றுவது அவர் வேலை. அந்த நாட்டில் முறைப்படை என்று ஒன்று உண்டு. அரண்மனை ஊழியர்களில் சிலர் மாதாமாதம் வேல் பயிற்சிக்குப் போவார்கள். போர்ப்பறை கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுப் படையோடு கிளம்பிவிடுவார்கள். அந்த வருஷம் வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. கொம்பையா எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மன்னர் மாறவேளும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். மழைக்காலம் முழுக்க இருவரும் ஒரே சேற்றில் கிடந்து, ஜெயித்து, ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அரண்மனை மணியக்காரர் செவ்வந்தியா பிள்ளை மட்டும் போகவில்லை என்று சொல்ல முடியாது. அவரும் போனார், தெற்கே. பறைச் சத்தம் கேட்ட அன்றே அவருக்கு முழங்கால் வலி கண்டது. மாமனார் ஊரில் எண்ணெய்க் குளியல் எடுத்தார். வெற்றிச் செய்தி வந்ததும் வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. படைக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. கொம்பையாவின் மனைவி பேச்சியிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். ஊழியர் தெருவில், கிணற்றோடு கூடிய வீடு அது. கொம்பையா ஓடிப்போய்க் கேட்டபோது பிள்ளை பொறுமையாக விளக்கினார். வேலையை விட்டுப் போனவருக்குப் போன மாதங்களின் சம்பள நெல் கிடையாது, படையில்தான் கஞ்சி ஊற்றியிருப்பார்களே. திரும்பி வருகிறவர் புதிதாகச் சேர்ந்தவர். புதிதாகச் சேர்ந்தவருக்கு வீடு கிடையாது. வீட்டுக்குக் காத்திருப்பவர்களில் மூத்தவருக்கு அது போகும். அந்த மூத்தவர் பிள்ளையின் அக்காள் மகனாக இருந்தது தற்செயல்.

இப்படியாக, நரைத்த மீசையோடு கொம்பையா புதிதாகச் சேர்ந்தார்.

சபையில் வந்து முறையிட்டார். மன்னருக்கு வெற்றிக் களைப்பு. ஊழியர் விவகாரத்தில் தாம் கை வைப்பதில்லை என்றார்.

"மணியக்காரர் விதி போட்டால் போட்டதுதான். விதி எல்லாருக்கும் ஒன்று."

சபையின் விகடகவி ஆவுடையப்பர் மெல்ல எழுந்தார். "எல்லாருக்குமா, மகாராஜா?"

"எல்லாருக்கும்தான். காது கேட்கவில்லையா உமக்கு?"

"கேட்டது. மனப்பாடம் செய்துகொள்கிறேன்."

மறுநாள் வெற்றி விருந்து. அன்றைக்கு மட்டும் மன்னரும் ஊழியர்களும் ஒரே பந்தியில் உட்காருவது அந்த அரண்மனை வழக்கம். வேலையில் சேர்ந்த மூப்புப்படி இலை போடுவார்கள். முதல் இலை மன்னருக்கு. பந்தி விசாரிக்கும் பொறுப்பு ஆவுடையப்பருக்கு.

மன்னர் வந்தார். முதல் இலையில் செவ்வந்தியா பிள்ளை உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டார். எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

"என் இலை எங்கே?" என்றார் மன்னர்.

ஆவுடையப்பர் மரியாதையாக அவரைப் பந்தியின் நீளத்துக்கும் அழைத்துப்போனார். சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், போன மாதம் சேர்ந்த பூக்காரர் எல்லாரையும் தாண்டி, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு இலைகள். ஒன்றில் கொம்பையா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இதுதான், மகாராஜா."

"விளையாடுகிறீரா?"

"விதி. மழைக்கு முன் சிம்மாசனத்தை விட்டுப் போனீர்கள். போன வாரம்தான் திரும்பினீர்கள். ஆகவே புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஆனால் தாங்கள் குதிரையில் வந்தீர்கள், கொம்பையா நடந்து வந்தார். அவரைவிட ஒரு நாள் மூத்தவர் தாங்கள். அதனால் ஓர் இலை முன்னால் போட்டிருக்கிறேன்."



"நான் என்ன உல்லாசத்துக்கா போனேன்? நாட்டுக்காகப் போனேன் ஐயா."

"இவரும் அதையேதான் சொன்னார். மணியக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை ஒப்புக்கொள்வார். இன்னொன்று, புதிதாகச் சேர்ந்தவருக்கு வீடு கிடையாதாம். இன்று இரவு எங்கே தங்குவதாக உத்தேசம்? என் வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் சும்மா கிடக்கிறது."

மன்னர் கொம்பையாவைப் பார்த்தார். சேற்றில் பக்கத்தில் கிடந்த முகம் அடையாளம் தெரிந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொப்பை, கடைசியில்தான் சத்தம் வந்தது. சிரித்து முடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"போர்முனையில் இருந்த காலமெல்லாம் வேலையில் இருந்த காலம்தான். நெல் உண்டு, வீடு உண்டு, மூப்பும் உண்டு."

"வேறு காரியமாகப் போனவர்களுக்கு?" என்று ஆவுடையப்பர் பணிவாகக் கேட்டார்.

"அவர்களுக்குப் பழைய விதியே இருக்கட்டும். நல்ல விதிதானே."

ஆவுடையப்பர் குனிந்து தம் முழங்காலை மெதுவாகத் தடவிக்கொண்டார். பந்தி முழுவதும் முதல் இலையைத் திரும்பிப் பார்த்தது.

மன்னர் தம் சால்வையை எடுத்து ஆவுடையப்பர் தோளில் போட்டுவிட்டு, முதல் இலைக்குப் போனார். கொம்பையா சமையற்காரர்களுக்கு நடுவே தம் பழைய இடத்துக்குப் போனார். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இலை மட்டும் மிஞ்சியது. செவ்வந்தியா பிள்ளை அதில் உட்கார்ந்தார்.

அன்றைய பால் பாயசம் பூக்காரர் இலையோடு தீர்ந்துவிட்டது.