மலைமேல் வைத்த அதிரசம்

முன்னொரு காலத்தில், அதிரசத்துக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன ஒரு நாட்டை மகரவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று ஊதிப்போய், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறார்களே என்று அவனுக்குக் கவலை வந்துவிட்டது. பிள்ளைகள் கையில் இனிப்பைக் கண்டால் சேவகர்கள் பறிக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். என்ன ஆயிற்று? பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மடங்கு தின்றார்கள். பறித்ததைத் தின்ற சேவகர்களுக்குத் தொப்பை விழுந்தது!

எல்லாரையும் மிஞ்சிய பெருத்த பிள்ளை இளவரசன் கோதண்டன்தான். அந்த நாட்டு வழக்கப்படி, பத்து வயதான இளவரசன் விஜயதசமியன்று தானே குதிரையேறிப் போய் வன்னி மரத்தில் அம்பு போட வேண்டும். இவனுக்கும் பத்து வயதாகிவிட்டது; ஆனால் பல்லக்கில் ஏற்றவே நாலு பேர் வேண்டும்.

மடைப்பள்ளி அதிகாரி தில்லைவிடங்கருக்கு விகடகவி பூவராகன்மேல் வெகுநாள் பொறாமை. சமயம் பார்த்து எழுந்தார்.

"மகாராஜா! இளவரசரை இளைக்க வைக்க நம் விகடகவியே தகுந்தவர். ஆனால் மகாராணியார் மனம் நோகக் கூடாது. இளவரசருக்குப் படைக்கும் பட்சணத்தில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. நடங்கள், ஓடுங்கள் என்று யாரும் அவரை ஏவவும் கூடாது."

"அப்படியே ஆகட்டும்! பூவராகா, விஜயதசமிக்கு நாற்பது நாள் இருக்கிறது. தவறினால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான்" என்றான் ராஜா.

பூவராகன் வீட்டுக்கு ஓடினான். வீட்டில் அவன் மனைவி செங்கமலம், "தீனியும் கொறையக் கூடாது, ஓடவும் சொல்லக் கூடாதுன்னா புள்ள எப்படிங்க இளைக்கும்? மூட்டை கட்டவா?" என்று அழுதாள்.

"கட்டு. ஆனா மெதுவா கட்டு" என்றான் பூவராகன்.

மறுநாள் காலை இளவரசன் முன்னால் வெறும் இலைதான் கிடந்தது.

"எங்கே என் அதிரசம்?"

"இருபதும் தயார், இளவரசே. மலை மண்டபத்தில் எண்ணி வைத்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் சுண்டல் சாப்பிட்டு விளையாடுகிறார்கள்" என்றான் பூவராகன்.

மலைக்கு இருநூறு படி. குறுகல் படி, பல்லக்கு ஏறாது. இளவரசன் பத்தாவது படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். தொலைந்தோம் என்று அடிவாரத்தில் பூவராகன் தலையில் கைவைத்துக்கொண்டான். அப்போது மேலேயிருந்து பிள்ளைகளின் கும்மாளம் கேட்டது. "ஐயோ, எல்லாத்தையும் தின்னுடுவாங்களே!" என்று அலறியபடி இளவரசன் எழுந்தான். அழுதுகொண்டே ஏறினான். மேலே போனதும் இரண்டு அதிரசத்தைக் கொடுத்துக் கிட்டிப்புள்ளில் ஓர் ஆட்டம் வாங்கிக்கொண்டான்! நாளாக ஆக ஆட்டம் கூடியது; பாதி அதிரசம் ஊர்ப் பிள்ளைகளுக்கே போயிற்று.

இளவரசன் உண்ணுமுன் மடைப்பள்ளி அதிகாரி ருசி பார்க்க வேண்டும் என்பது அரண்மனை விதி. ஆகவே காலையும் மாலையும் தில்லைவிடங்கர் எல்லாருக்கும் முன்னால் மூச்சிரைக்க மலையேறினார். பூவராகன் மட்டும் அடிவாரத்துப் புங்கமர நிழலில் நீர்மோர் குடித்தபடி தன் தொப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்.

விஜயதசமி வந்தது. இளவரசன் ஒரே தாவலில் குதிரையேறினான். ஊர்ப் பிள்ளைகள் கூச்சலிட்டுப் பின்னால் ஓட, வன்னி மரத்தில் அம்பு பாய்ந்தது. மகாராணிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

"மோசம் போனோம் மகாராஜா! பட்சணம் குறைந்தது! இளவரசர் பாதியை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்!" என்று பாய்ந்தார் தில்லைவிடங்கர்.

"படைத்ததில் குறைந்ததா, ஐயா? தினமும் ருசி பார்த்தவர் தாங்கள்தானே?" என்று கேட்டான் பூவராகன்.

"படைத்தது... இருபதுதான்" என்று முனகிக்கொண்டே அவர் கும்பிடக் கையைத் தூக்கினார். படியேறி இளைத்த இடுப்பிலிருந்து கச்சை நழுவி முழங்காலுக்கு வந்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"பறிமுதல் சட்டம் இன்றோடு ரத்து. இனி ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மலைமேல் சுண்டலும் விளையாட்டும்! பூவராகா, என் முத்துமாலை உனக்குத்தான்!"

பூவராகன் பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினான்.

"கையில் ஏது? மலை மண்டபத்தில் வைத்திருக்கிறேன். ஏறு என்று நான் ஏவமாட்டேன், அப்பா!" என்றான் ராஜா.

பூவராகன் இருநூறு படியையும் பார்த்தான், தன் தொப்பையையும் பார்த்தான். குதிரையிலிருந்து குதித்த இளவரசன், "வாரும் விகடகவியாரே, நான் தள்ளிவிடுகிறேன்" என்று முதுகில் கைகொடுத்தான்.

பத்தாவது படியில் பூவராகன் உட்கார்ந்துவிட்டான்.