அணைந்த கிளஸ்டருக்கு அழுத அரண்மனை

மேகவாடி ராஜா மார்த்தாண்டபூபதியின் நாட்டில் நெல் விளைந்ததோ இல்லையோ, கிளஸ்டர் நன்றாக விளைந்தது. கிளஸ்டர் என்றால் இணைய மேகத்தில் வாடகைக்கு எடுத்த கணினிக் கூட்டம். அரண்மனையின் நிரல்களைப் பெட்டி பெட்டியாக அதில் ஏற்றிவிட்டால், மேய்க்கிற வேலையை வாடகைக்கு விட்டவரே பார்த்துக்கொள்வார். பில்லை மட்டும் நாம் பார்க்க வேண்டும்.

பார்த்தார் ராஜா. கிரீடம் நழுவியது.

"சுடர்க்கொடி! பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் தினசரி வாடகை பாதியாகணும். ஒரு துறைகூடக் குறை சொல்லக் கூடாது. சொன்னால், நீ யானை லத்தி அள்ளப் போகிறாய்!"

"உத்தரவு மன்னா" என்றாள் அரண்மனைக் கணினி அதிகாரி சுடர்க்கொடி.

பிரதான அமைச்சர் வச்சிரவேலருக்கு ஒரே குஷி. துறை துறையாகப் போய்ச் செருமினார். "க்ஹும்! அவள் வந்து கேட்டால் ஒன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். க்ஹும்!"

அவள் கேட்கவே இல்லை. எந்தக் கிளஸ்டருக்குள் மாதக்கணக்கில் ஆளே எட்டிப்பார்க்கவில்லை என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பௌர்ணமியன்று சபை கூடியது.

"இந்தப் பத்து நாளில் யாருக்காவது குறை?" என்றார் ராஜா.

"க்ஹும். அம்மணி துரும்பைக்கூட அசைக்கவில்லையே மன்னா, குறை எங்கிருந்து வரும்?" என்றார் வச்சிரவேலர். சபையே தலையாட்டியது.

"அப்படியானால் இவற்றை இன்று அணைத்துவிடலாமா?" சுடர்க்கொடி பட்டியலை வாசித்தாள்.

அடடா, அந்த ஒப்பாரியைக் கேட்கணுமே!

தளபதி மீசை துடிக்க, "போர் ஒத்திகைக் கிளஸ்டரா? எதிரி நாளைக்கே கோட்டைக்குள் வந்து காபி கேட்பான்!" என்றார். கடைசி ஒத்திகை நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

"வடைக் கணிப்புக் கிளஸ்டர் போச்சுன்னா இளவரசர் பட்டினிம்மா!" என்று விசும்பினார் தலைமைச் சமையல்காரர்.

"என் சோதனைக் கிளஸ்டரில் இந்த நொடி, க்ஹும், ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள்!" என்றார் வச்சிரவேலர்.

ராஜாவும் மெல்ல நெளிந்தார். "என் பிறந்தநாள் வாழ்த்துக் கிளஸ்டர்... வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. இருந்தாலும்..."

சுடர்க்கொடி நேற்றைய பில்லை நீட்டினாள். பாதிக்கும் கீழே!

"மன்னிக்கணும் மன்னா. இதெல்லாம் அணைந்து இன்றோடு ஒன்பது நாள்."

முதலில் சிரித்தவர் ராஜாதான். கிரீடம் மறுபடி நழுவியது. கழுத்து முத்துமாலை அவள் கைக்குப் போனது.

வச்சிரவேலர் விடவில்லை. "என்னுடையதை எப்போது திரும்ப எழுப்புவாய்?"

"அது தூங்குதுன்னு யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியவர்ற அன்னிக்கு, ஐயா."