ஒப்பிக்காத வசனம்

வேதவல்லி முப்பது வருஷம் சினிமாவில் இருந்தவர். போஸ்டரில் ஒரு முறைகூட அவர் முகம் வந்ததில்லை. மாமியார், மீன்காரி, ஜெயில் வார்டன், சாவு வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா என்று எது கொடுத்தாலும் போய்ச் செய்துவிட்டு வருவார். தெருவில் பார்க்கிறவர்கள் இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்று யோசிப்பார்கள். பெயர் மட்டும் யாருக்கும் வாயில் வராது.

ஆனால் கோயம்புத்தூர்ப் பேச்சு வேண்டும், கோவில்பட்டிப் பேச்சு வேண்டும் என்றால் பெரிய பெரிய டைரக்டர்கள் சாலிகிராமத்தில் அவர் வீட்டு மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும். மும்பையிலிருந்து வந்து இறங்கிய பெண்ணை மூன்றே வாரத்தில் மதுரைக்காரியாக்கி அனுப்பிவிடுவார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் தணிகாசலம். சேரும்போது வயது ஐம்பது. குருவைவிட நாலு வயது மூத்த சீடர். மேடை நாடகம், மிமிக்ரி, போலீஸ்காரராக வந்து ஒரே ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போகிற வேஷம் என்று அலைந்து நரைத்தவர். காது மட்டும் அபாரமான காது. ஒருவர் பேசுவதை ஒரு தடவை கேட்டால் போதும், மூச்சு எங்கே வாங்கினார் என்பது வரை சொல்லிவிடுவார். வேதவல்லியை அம்மா என்று கூப்பிடுவார். அவர் இவரை வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

வேதவல்லியிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேச்சு கேட்டு வரலாம். பஸ்ஸில் கேட்டது, சந்தையில் கேட்டது எல்லாம் பொது. ஆனால் ஒரு ஆள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்தால், படம் பிடிப்பதற்கு முன்னால் அந்த ஆள் முன்னால் போய் நின்று ஒப்பித்துக் காட்டிவிட வேண்டும்.

சேர்ந்த புதிதில் தணிகாசலத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"அவங்களுக்கு நடிப்பைப் பத்தி என்னம்மா தெரியும்? அவங்ககிட்டப் போய் எதுக்கு ஒப்பிக்கணும்?"

மறுநாள் காலையில் வேதவல்லி அவரைக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மீன் விற்கிற ஒரு பெண் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்த வாரம் நடிக்கப்போகும் காட்சியை அந்தப் பெண்ணின் குரலிலேயே பேசிக் காட்டினார். அந்தப் பெண் வஞ்சிரம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, சிரித்துச் சிரித்துக் கேட்டாள். கடைசி வரி வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இத்த மட்டும் எடுத்துரும்மா. இது நான் எங்க வூட்டுக்காரராண்ட பேசறது."

வேதவல்லி பையிலிருந்து பேனாவை எடுத்து, வசனத் தாளில் அந்த வரியை அடித்தார்.

ஐந்து வருஷம் ஓடியது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தைப் பற்றி ஒரு படம் வந்தது. வேதவல்லிக்கு அப்போது காரைக்குடியில் வேறு படப்பிடிப்பு. தணிகாசலத்தைத் தனியாக அனுப்பினார். படத்தின் பெயர்ப் பட்டியலில், வட்டார வழக்குப் பயிற்சி என்று போட்டு, தணிகாசலத்தின் பெயர் மட்டும் வரும் என்று பேச்சு. ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை யார்தான் குறை சொல்ல முடியும்?

உப்பளத்து ஊரில் நாற்பது நாள் தங்கினார். மூன்று வேளையும் சண்முகக்கனி வீட்டில் சாப்பாடு. சண்முகக்கனி புருஷனை இழந்தவள். மகள் மாரிச்செல்விக்குப் பத்தொன்பது வயது. தாயும் மகளுமாக விடியலில் எழுந்து, ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் மாரிச்செல்வி இவரை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வாள். தப்பு வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மெட்ராஸ் மாமா பேசினால் காக்காகூடப் பறந்துபோகும் என்பாள். அவள் கேலி செய்து செய்துதான் அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு படிந்தது.

இருபத்தைந்தாம் நாள், அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் கரண்டு அடித்து மாரிச்செல்வி செத்துப்போனாள்.

தணிகாசலம் பாடையோடு நடந்தார். மனசாரத்தான் அழுதார். அதில் நடிப்பு இல்லை.

மகள் செத்த ஒன்பதாம் நாள் காலையில் சண்முகக்கனி வேலைக்குக் கிளம்பினாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே சொன்னாள். தணிகாசலம் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் பானையிலிருந்து சோறு எடுத்துப் போட்டாள். பழகிய கை அல்லவா, இரண்டு தூக்குச்சட்டியிலும் போட்டுவிட்டாள். பிறகு பார்த்தாள்.

"ரெண்டு தூக்குலயும் போட்டுட்டனே."

ஒரு சட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.

"இனி இத யாரு திங்கதுக்கு?"

அழவில்லை. குரல் உயரவில்லை. சந்தையில் ஏதோ விசாரிக்கிறவள் மாதிரிதான் கேட்டாள். தணிகாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரோடேயே அவருடைய உதடு அந்த இரண்டு வரியையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டது. நடுவில் மூடி மூடிய இடத்தில் எவ்வளவு நேரம் விட்டாள் என்பதையும் காது வாங்கி வைத்துக்கொண்டது. அவள் போனதும் வீட்டுக்குப் பின்னால் போய், மறந்துவிடக் கூடாது என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவரைப் போன்ற ஆள் ஒருவருக்குத்தான் அந்த நேரத்தில் அப்படிச் செய்யத் தோன்றும்.

படத்திலும் ஒரு தாய் பிள்ளையை இழக்கிறாள். அதற்கு மூன்று பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தார்கள். தணிகாசலம் இந்த இரண்டு வரியைச் சொல்லிக் காட்டினார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்று பக்கமும் குப்பைக்குப் போயிற்று.

படம் பிடிப்பதற்கு முதல் நாள் மதியம், ஒப்பித்துக் காட்டுவதற்காக அவர் சண்முகக்கனி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, சாப்டியளா என்று கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்லிக் காட்டினால் அவள் தாங்குவாளா என்று அறைக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான பயம்.

வேதவல்லி போனில் கேட்டார்.

"ஒப்பிச்சுட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

படம் ஓடு ஓடு என்று ஓடியது. அந்தக் காட்சியில் தியேட்டரே விம்மியது. நடித்த அம்மாவுக்கு விருது கொடுத்தார்கள். அத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஜனங்கள் இனி இத யாரு திங்கதுக்கு என்ற வரியைப் போனில் எடுத்துப் போட்டு விளையாட ஆரம்பித்தார்கள். கல்யாணப் பந்தியில் மிஞ்சிய பிரியாணிக்கு அதைப் போட்டார்கள். இரண்டு தட்டுக்கு நடுவே முழிக்கிற நாய்ப் படத்துக்குப் போட்டார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. தணிகாசலமும் ஒன்றிரண்டைப் பார்த்துச் சிரித்தார். அதைப் பின்னால் அவரே ஒத்துக்கொண்டார்.

ஒருநாள் சண்முகக்கனியின் தம்பி போன் செய்தான். அளத்துக்குப் போகிற வேனில் யாரோ ஒரு பெண், மிஞ்சின சோற்றைப் பார்த்து அந்த வரியைச் சொல்லியிருக்கிறாள். வேனே சிரித்திருக்கிறது. அன்றைக்கு மூடிய வாயை அக்காள் இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. வேலைக்கும் போவதில்லை. நேற்று ஒரு தாளில் இவர் பெயரை எழுதி, வரச் சொல் என்று எழுதிக் காட்டினாளாம்.

தணிகாசலம் நேராகச் சாலிகிராமம் போய் வேதவல்லி முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். வீட்டுக்குப் பின்னால் போய் மூன்று தடவை சொல்லிப் பார்த்ததைக்கூட மறைக்கவில்லை.

"நான் அவங்களுக்கு என்ன செய்யணும்மா? கால்ல விழட்டுமா?"

வேதவல்லி திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அந்த ஊரில் இறங்கினார்கள். சண்முகக்கனி பாதியாக இளைத்திருந்தாள். பாயை விரித்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தணிகாசலம் கையைக் கூப்பினார். அக்கா, நான் பண்ணினது பெரிய பாவம் என்று ஆரம்பித்தார்.

"அது அப்புறம்," என்றார் வேதவல்லி. "முதல்ல ஒப்பிங்க."

"அம்மா..."

"ஒப்பிங்க."

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். குரல் நடுங்கும், சொல்ல வராது என்றுதான் நினைத்தார். அப்படி ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வாய் பழகிய வாய். இரண்டு வரியும் ஒரு மூச்சு பிசகாமல் வந்தது. நடுவில் மூடி மூடுகிற நேரமும் அப்படியே வந்தது. தன்னையே தனக்குப் பிடிக்காமல் போயிற்று. கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதம் பேசாத தொண்டை கரகரத்தது.

"நான் அழலல்லா?"

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். சண்முகக்கனிதான் கேட்டாள்.

"இல்லக்கா. நீங்க அழலை."

"படத்துல அந்தம்மா அழுதுகிட்டுல்லா சொல்லுது."

"ஆமா. அவங்க அழுதாங்க."

"நானும் அப்பிடித்தாஞ் சொன்னம்போலன்னு நெனச்சிட்டேன்." சண்முகக்கனி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எம் மவள நெனச்சா அந்தம்மா மொகந்தான் வந்து நிக்கி. செத்தது அந்தம்மா பிள்ளை மாதிரி இருக்கு. நாஞ் சொன்னத நானே சொல்லிப் பாத்தேன். அந்தம்மா கொரல்லதான் வருது. வேன்ல அவளுவ சொன்ன மாதிரி வருது. அதான் வாயத் தொறக்கல."

வெளியே உப்பு லாரி ஒன்று போயிற்று.

"எம் பிள்ளைக்கின்னு எங்கிட்ட இருந்தது அந்த ஒரு பேச்சுதான் சார். ஊரு அழுத அன்னைக்கி எனக்கு ஒண்ணுமே வரல. அன்னைக்கி அடுப்படியிலதான் வந்துச்சி. நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கிய." அவள் இவர் பக்கமாக நகர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நடிக்கவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கியளாமே. எனக்கும் சொல்லிக் குடுங்க. நான் எப்பிடிச் சொன்னேன்?"

தணிகாசலம் உடைந்துபோனார். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மன்னிப்பு கேட்க வந்தவரிடம் அவள் மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"என்னால முடியாதும்மா. வேற என்ன வேணாலும் செய்யறேன். என்னை இங்கிருந்து கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

வேதவல்லி எழுந்து, அவர்கள் இருவரையும் எதிரெதிரே விட்டுவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணைத் துடைங்க. நீங்க அழுதா அவங்களுக்கு அந்த அழுகையும் சேர்ந்து வந்துடும். மெதுவாச் சொல்லிக் குடுங்க. அவங்களுக்கு வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."