ஆணியோடு வரும் கிருமி

முதலில், மாடு அறுக்கும் கூடமான மாட்டுத்தொட்டியின் தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். அடுத்து, கத்தி முக்கி எடுக்கும் வெந்நீர் அண்டாவைத் தூக்கினார்கள். அதற்கடுத்து, அறுத்த மாட்டின் ஆசனவாயைச் சணலால் இறுக்கிக் கட்டும் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டாமலே குடலை உருவச் சொன்னார்கள். அப்புறம் ஊரில் அந்தக் கறி தின்ற ஐந்து பிள்ளைகளுக்கு ரத்தபேதி கண்டது. கடைசியாக, குடல் கழுவும் சூசையம்மாளின் கைதான் காரணம் என்று அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

செய்தது எல்லாம் ஒரே ஆள். தொட்டியைக் குத்தகைக்கு எடுத்த கஜபதி.

பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். சூசையம்மாளுக்குத்தான் பிழைக்க வழியில்லை. புதன்கிழமை விசாரணை. அன்றோடு வேலை போய்விடும்.

தொட்டித் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் முனிரத்தினம், கால்நடை மருத்துவர் இளவேனிலிடம் போனார். கிருமிகளைப் பற்றி அவரிடம் பாடம் கேட்டு வந்தவர். சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. துண்டறிக்கை படித்து வளர்ந்த மனிதர். யாரிடமும் கற்பார், யாரிடமும் கைகட்டமாட்டார்.

"டாக்டரம்மா, ஊர்ல எந்த நோய் வந்தாலும் எங்க ஜனத்து மேலயே பழி வந்து ஒட்டுதே. எங்ககிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"சட்டையைக் கழட்டுங்க அண்ணே."

"எனக்கா வைத்தியம்? நீங்க மாட்டு டாக்டராச்சே."

"கழட்டி அந்தச் சுவத்துல மாட்டுங்க."

வெள்ளையடித்த வெறும் சுவர். முனிரத்தினம் தடவிப் பார்த்தார்.

"எதுல மாட்டுறது? ஒண்ணுமே இல்லையே."

இளவேனில் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தார். ஒரே அடி. சட்டை தொங்கியது.

"பிள்ளைங்க வயித்துல இருந்த கிருமியும் இப்படித்தான். குடல் சுவத்துல கொக்கி இருக்கான்னு தேடாது. ஆணியைத் தானே கொண்டுவந்து அடிச்சு, அதுலயே தொங்கிக்கும்."

"மாட்டுலயும் அப்படியா?"

"அதே ஆணிதான். பெரும்பாலும் குடலோட கடைசி ஒரு சாண்ல. மாடு பாட்டுக்கு அசை போடும். கிருமி கக்குற விஷம் பிடிக்கிற இடம் மாட்டோட ரத்தக்குழாய்ல இல்ல. நம்மகிட்ட இருக்கு. பிள்ளைங்களுக்குச் சிறுநீரகம் வரைக்கும் போயிடும்."

"அப்ப பழியும் தன் ஆணியோடதான் வருது" என்றார் முனிரத்தினம். மெல்லச் சிரித்தார்.

"போட்டுக்கோங்க. துணிக்குப் போடுற நீலம் ஒரு பொட்டலம் வாங்கணும்" என்றார் இளவேனில்.

விசாரணை தொட்டியிலேயே நடந்தது. நகராட்சி ஆணையர் மூக்கில் கைக்குட்டை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஓரமாக. சூசையம்மாள் வாசல் கம்பிக்கு வெளியே.

இரண்டு மாடுகள் அறுபட்டுத் தொங்கின. இரண்டின் ஆசனவாயிலும் டாக்டர் நீலத்தைக் குழைத்துப் பூசினார். ஒன்றை முனிரத்தினம் பழைய முறைப்படி சுற்றி அறுத்து, சணலால் கட்டி, பையில் பொதிந்து, பிறகு குடலை எடுத்தார். மற்றதைக் கஜபதி சொன்ன முறைப்படி, கட்டாமல் உருவினார்.

கட்டிய மாட்டின் கறி சிவப்பாகவே இருந்தது. கட்டாததில் தொடை நீலம், விலா நீலம், கத்தி நீலம்.

"நீலம் என்ன, கிருமியா?" கஜபதி கிண்டலாகக் கேட்டார்.

"இது கண்ணுக்குத் தெரியுது. அது தெரியாது. இங்க வந்த மாடுங்களோட அந்த ஒரு சாண்ல பஞ்சால துடைச்சு எடுத்துப் பார்த்தேன். பிள்ளைங்க வயித்துல இருந்த அதே கிருமி" என்றார் டாக்டர்.

"குடல் கழுவுற பொம்பள கறியைத் தொட்டிருந்தா?" என்றார் ஆணையர்.

"எங்க தொட்டா?" முனிரத்தினம் கத்தியை வாசல் பக்கம் நீட்டினார். "அதோ வெளிய நிக்கிறா. கறி இங்க நீலமாயிடுச்சு."

ஒரு தகப்பன் அந்தத் தொடையைத் தொட்டுத் தன் விரலைப் பார்த்தார். பிறகு கஜபதியைப் பார்த்தார். கஜபதி தன் செருப்பைத் தேடினார்.

ஆணையர் தொண்டையைச் செருமினார். குத்தகை ரத்து. எடுத்தவை எல்லாம் திரும்ப வரும். "அந்தப் பொம்பளயும் வேலைக்கு வரலாம்."

தொட்டி அதிர்ந்தது. கத்தியோடு கத்தியைத் தட்டினார்கள். எதிரிகளின் பெயரையே கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை முனிரத்தினத்துடையது. அறுப்பு மேடைமேல் ஏறிக் குனிந்து கேட்டார்.

"டாக்டரம்மா, 'ஒழிக'ன்னு யார் பேரை முதல்ல சொல்லட்டும்? கஜபதியா, ஆணையரா?"

டாக்டர் வாசல் கம்பியைத் திறந்தார். ஆணையர் கையிலிருந்த விசாரணைத் தாளை வாங்கினார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பக்கம் திரும்பி, ஒரே ஒரு வரியை உரக்க வாசித்தார்.

"அந்தோணிமுத்து மகள் சூசையம்மாள்."