விடுதலை ஓலையும் பூசணிக்காயும்

"ஒரே ஒரு தடவ விழுந்தா போதும் தாயி. விழட்டுமா, வேணாமா?"

கேட்டவன் தொப்பளான். பண்ணையடிமை. அவன் அப்பனும் அடிமை, அப்பனுக்கு அப்பனும் அடிமை.

கேட்கப்பட்டவள் காத்தாயி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பண்ணையிலிருந்து ஓடிப்போய், கொள்ளிடத்தின் நடுவில் ஒரு மணல் திட்டில் குடிசை போட்டவள். பிடித்து வரப் போன இரண்டு ஆட்களும் அவளோடு ஒரு நாழிகை பேசிவிட்டு, ஆளுக்கொரு பூசணிக்காயோடு திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. கேள்வி உள்ளவர்கள் மட்டும் போனார்கள்.

தொப்பளான் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். ஆனாலும் அவன் அவளைத் தாயி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

"எதுக்கு விழணும்?" என்றாள், களை பிடுங்கிக்கொண்டே.

"கும்பெனிச் சர்க்கார் சட்டம் போட்டுட்டாங்களாம். அடிமை வச்சுக்கக் கூடாதாம். அதனால நாளைக் காலம்பற களத்துல வச்சு ஆண்டை எல்லாருக்கும் விடுதலை ஓலை குடுக்குறாரு. கால்ல விழணும். 'எழு'ன்னு அவரு சொன்னதும் எழுந்திரிச்சு வாங்கிக்கணும்."

"இதுக்கு முன்னால எத்தனை தடவ விழுந்திருக்கே?"

"அதையெல்லாம் யாரு எண்ணுனா?"

"அப்ப இந்த ஒண்ணை மட்டும் ஏன் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டி வந்தே?"

தொப்பளானின் இடுப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மக இருக்கா தாயி" என்றான்.

மகள் பூவாயி. ஆண்டையின் பெண்ணுக்குக் கல்யாணமானபோது சீர்வரிசையாக நிலம் போயிற்று, இரண்டு ஜோடி உழவு மாடு போயிற்று, கன்றோடு ஒரு பசு போயிற்று. பசுவைப் பார்த்துக்கொள்ளப் பூவாயி போனாள். மாப்பிள்ளை ஊர் மேலக்கரை. மூன்று வருஷமாக அவன் அவளைப் பார்க்கவில்லை.

"ஓலை இருந்தாத்தான் அங்க விடுவாங்களாம். விழுந்தா ஓலை. ஓலை கிடைச்சா மக."

"அப்ப விழு அண்ணே."

அவன் அசையவில்லை.

"வேற என்ன?"

"எப்படிப்பா கிடைச்சுதுன்னு அவ கேப்பா."

"என்ன சொல்லுவே?"

"ஆண்டை குடுத்தாருன்னு" என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

காத்தாயி கையிலிருந்த களையைப் போட்டாள். எழுந்து வந்தாள். அவன் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

தொப்பளான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். அவன் காலில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. அது எவ்வளவு அசிங்கமான காட்சி என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"என்ன தாயி இது?"

"எனக்கும் விடுதலை குடு" என்றாள், மணலில் முகம் வைத்தபடி.

"எங்கிட்ட ஏது தாயி?"

அவள் அப்படியே கிடந்தாள்.

"எழுந்திரு தாயி."

எழவில்லை.

"பாவம் தாயி, எழுந்திரு. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

எழவில்லை. அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. ஆற்றில் இரண்டு கொக்குகள் வந்து நின்று, மீன் பிடித்து, பறந்தும் போயின.

போதும் என்று தோன்றியபோது காத்தாயி எழுந்தாள். முகத்து மணலைத் தட்டினாள்.

"சொன்னா எழுந்திரிக்கிறதை விட்டுப் பன்னெண்டு வருசமாச்சு அண்ணே" என்றாள்.

பிறகு கொடியிலிருந்து ஒரு பூசணிக்காயைத் திருகி அவன் கையில் வைத்தாள்.

"இது எங்கிட்ட இருக்கு. அதனால குடுக்குறேன்."

தொப்பளான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தான். வழியெல்லாம் கோபம். கேட்டுப் போனது ஒரு பதில். கிடைத்தது ஒரு பூசணிக்காய்.

மறுநாள் காலையில் பண்ணை ஜனம் நாற்பது பேரும் களத்தில் நின்றார்கள். களத்துக்குள் வண்டிப் பாதை ஏறுகிற இடத்தில் நாற்காலி போட்டு ஆண்டை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாட்சிக்குத் தாலுகா கச்சேரி குமாஸ்தா. பண்ணையை நடத்துகிற காரியக்காரர் கையில் ஓலைக் கட்டு.

முதலில் நாகனைக் கூப்பிட்டார்கள். விழுந்தான். ஆண்டை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார், மடித்தார், வாயில் போட்டார், மென்றார். அப்புறம் "எழு" என்றார். நாகன் எழுந்தான். ஓலையை அவன் முன்னால் மண்ணில் போட்டார்கள். பொறுக்கிக்கொண்டான்.

"தொப்பளான்."

வந்தான். நின்றான்.

"ம்" என்றார் ஆண்டை.

நின்றான்.

"காது கேக்கலையாடா?" என்றார் காரியக்காரர்.

"கேக்குதுங்க. ஓலையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுங்க."

பண்ணையில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஓலையை எழுதியது குமாஸ்தா. தன் எழுத்தின் மேல் அவருக்கு ஆசை. யாரும் தடுப்பதற்குள் வாங்கிப் படித்துவிட்டார். "என் பண்ணையடிமை தொப்பளானை, நான் மனமிரங்கி, இந்தத் தை மாதம் ஐந்தாம் தேதி முதல் விடுதலை செய்தேன்."

"சர்க்கார் சட்டம் எப்பங்க வந்துச்சு?"

"போன சித்திரையில்."

"அப்ப சித்திரையிலேருந்து நான் யாரோட ஆளுங்க?"

குமாஸ்தா எழுத்தாணியைப் பார்த்தார். ஆண்டையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சட்டப்படி யாரோட ஆளும் இல்லை" என்றார் மெதுவாக.

"எம்மக பூவாயியும் அப்படித்தானுங்களா?"

"எல்லாரும்தான்."

தொப்பளான் ஆடியில் உழுதான். புரட்டாசியில் நட்டான். மார்கழியில் மடை உடைந்ததற்குச் சாட்டையடி வாங்கினான். சட்டம் வந்தது அடித்தவர்களுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

"அப்ப அந்த ஓலை உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றான். "உங்ககிட்ட இல்லாததை என்னத்துக்கு மனமிரங்கிக் குடுக்குறீங்க?"

காரியக்காரர் சாட்டையை எடுத்தார். குமாஸ்தா இருமினார். ஆண்டை கையைக் காட்டிச் சாட்டையைத் தாழ்த்தச் சொன்னார்.

"தொப்பளா, யாரும் உன்னை அடிக்கல. இத்தனை பேரு பாக்குறாங்க. ஒரே ஒரு தடவ விழு. அது போதும்."

தொப்பளான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். சாட்டை ஓங்கும்போதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்த கெஞ்சல் குரல் அது. இப்போது அது ஆண்டையின் வாயிலிருந்து வருகிறது.

"இல்லீங்க" என்றான்.

களத்தில் நாகன் தன் கையிலிருந்த ஓலையை ஒரு தரம் பார்த்தான். பிறகு அதைக் கீழே வைத்தான்.

ஆண்டையின் முகம் கறுத்தது.

"சட்டம் கச்சேரியில இருக்கும்டா. மேலக்கரையில இருக்கறது என் மாப்பிள்ளை. என் ஓலை இல்லாம உன் மகளை வாசல்ல நின்னு பாக்கக்கூட விடமாட்டான்."

அது நேராகப் போய்த் தைத்தது. தொப்பளானின் முழங்கால் மடங்கியதை நாற்பது பேரும் பார்த்தார்கள். அவ்வளவுதான், விழுந்துவிடுவான் என்று காரியக்காரர் ஓலையைப் பிரித்துக்கூட வைத்தார். மூன்று வருஷம். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

முழங்கால் நிமிர்ந்தது. இடுப்பில் சுற்றியிருந்த மேல்துண்டை அவிழ்த்து உதறினான். தோளில் போட்டுக்கொண்டான்.

"ஓலை இல்லாம அவளை எப்படிடா கூட்டிக்கிட்டு வருவே?" என்று கத்தினார் ஆண்டை.

"நடந்துதானுங்க."

நடந்தான். மேலக்கரைக்குப் போகிற வண்டிப் பாதையில்தான் ஆண்டை உட்கார்ந்திருந்த நாற்காலி கிடந்தது. தொப்பளான் அதன் முன்னால் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் நாகன் வந்து நின்றான். நாகனுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் நகந்துக்குங்க" என்றான் தொப்பளான்.