டீசல் தின்ன வந்தவர்கள்

"அம்மா, இந்த மண்ணு செத்துப்போச்சு. அள்ளி எங்கயாவது கொட்டிடலாம்," என்றார் சடையப்பர்.

மடத்து ஜெனரேட்டரிலிருந்து டீசல் கசிந்து கீரைத்தோட்டம் முழுக்க ஊறிவிட்டது. பசியோடு வருகிற எல்லோருக்கும் அந்த மடத்தில் சோறு உண்டு. சோற்றுக்குக் கீரை அந்தத் தோட்டத்திலிருந்துதான். தோட்டம் சடையப்பர் பொறுப்பு. மனிதர் தூங்கி நாளாகிவிட்டது.

குரு பூங்கோதை அம்மைக்கு அவருடைய மகள் வயது.

"கொட்டுற இடமும் மண்ணுதானே ஐயா? நல்லாக் கொத்திவிடுங்க, காத்து போகட்டும். சாணித்தண்ணி தெளிங்க."

"அதுக்கு டீசல் போயிடுமா?"

"உள்ள பாக்டீரியா இருக்கு. அதுங்க தின்னுடும்."

சடையப்பர் நம்பவில்லை. ஆனாலும் செய்தார். வாடை மெல்லக் குறைந்தது.

குருபூஜை நெருங்கியது. சடையப்பருக்குச் சுத்தம் என்றால் உயிர். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் சாணி நாற்றமா? ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தோட்டத்தில் கொட்டி, மணக்க மணக்கக் கழுவிவிட்டார்.

அதன்பிறகு டீசல் வாடை குறையவே இல்லை.

அம்மை ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

சொன்னார்.

"டீசல் தின்னப் பந்தியில உக்காந்தவங்களைக் கொன்னுட்டோமே, ஐயா."

சடையப்பர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இனி அவங்களை எங்க போய்த் தேடுவேன்?"

அம்மை ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போனாள். வருஷக்கணக்காக எண்ணெய் சொட்டிக் கறுத்த மூலை அது. சடையப்பர் எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம். அங்கிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளி அவர் கையில் கொடுத்தாள்.

"இவங்களுக்கு டீசல் பழக்கம். தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

மழைக்காலம் போய், வெயில் வந்தது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டீசல் இல்லை. விதைத்தார்கள். கீரை தளதளவென்று வந்தது.

முதல் கீரை சமைத்த அன்று, வழக்கம்போல் வாசலில் நின்று, "பசியோட யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூவினார் சடையப்பர். யாரும் வரவில்லை. பிறகு தோட்டத்துக்குப் போய் மண்ணைப் பார்த்தும் அதையே கேட்டார்.

"டீசல் தீந்துபோச்சே ஐயா," என்றாள் பின்னால் வந்த அம்மை. "அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இப்ப இருக்கமாட்டாங்க."

சடையப்பருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் ஒரு கும்பிடுகூடப் போடலையே அம்மா. யார்கிட்டப் போய்ச் சொல்வேன்?"

அம்மை அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து இலைமுன் உட்கார வைத்தாள். ஒரு கரண்டி கீரையை இலையில் வைத்தாள்.

சடையப்பர் அதைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார்.