ராஜாவின் தலையில் முளைத்த கொம்பு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், குறுமலை நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. காலையில் சால்வை வாங்கினவன் சாயங்காலம் சிறையில் இருப்பான். அதனால் அவருடைய அமைச்சர் ஆதிமூலத்துக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கியதில்லை.

அன்றைக்குச் சபை கூடியதும் பூபதிராயர் எழுந்தார். காசு அடிக்கும் தங்கசாலையின் தலைவர் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்து, ஆதிமூலம் குறுக்கே நின்றதால் ஏமாந்து போனவர் அவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"மகாராஜா, சொல்லவே நாக் கூசுகிறது. கடைவீதியில் ஒருவன் இந்தப் பொற்காசைக் கொடுத்தான். தாங்களே பாருங்கள்."

ராஜா பார்த்தார். காசில் அவருடைய முகம். தாடைக்குக் கீழே, நம் தங்கசாலையில் அடித்த காசு என்பதற்கு அடையாளமாக வழக்கமான குட்டிப் பிறை. அது சரி. தலைக்கு மேலே எதற்கு இன்னொரு பிறை? அதுவும் இரண்டு முனையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு!

"கொம்பு!" என்று அலறினார் ராஜா. "எனக்குக் கொம்பு வைத்திருக்கிறான்!"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் கெட்டது.

"தங்கசாலைத் தலைவன் காளிங்கனைக் கட்டி இழுத்து வாருங்கள். நாளைக்கு அவன் தலை உருள வேண்டும்!"

இழுத்து வந்தார்கள். "நான் செய்யவில்லை ஐயா" என்று காளிங்கன் அமைச்சரைப் பார்த்துத்தான் சொன்னான். அவனை அந்த வேலையில் அமர்த்தியதே ஆதிமூலம்தான்.

"மகாராஜா, அந்தக் காசை நான் ஒருமுறை பார்க்கலாமா?"

"என் கொம்பை நீர் வேறு பார்க்க வேண்டுமா?" ராஜா காசை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டார். "இனி ஒருவரும் பார்க்கக் கூடாது!"

கண்ணால் பார்க்காத காசைப் பற்றி என்ன வாதாடுவது? அச்சு வெட்டியவன் கை தவறிப் பிறையை இரண்டாம் முறை குத்தியிருந்தால்? அப்படியும் நடப்பதுண்டே! ஆதிமூலம் பூபதிராயரின் முகத்தைப் பார்த்தார். அங்கே ராஜாவுக்கு அவமானம் வந்துவிட்டதே என்ற கவலை துளியும் இல்லை. பாயசம் குடித்தவன் முகம் மாதிரி இருந்தது. வருவது வரட்டும் என்று ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

"மகாராஜா, அச்சில் தப்பு இருந்தால் அது ஒரு காசோடு நிற்காது. அந்த அச்சில் அடித்த காசுக்கெல்லாம் கொம்பு முளைத்திருக்கும். நாளைச் சபைக்கு இன்னும் நாலைந்து கொம்புக் காசு வரட்டும். தப்பு தங்கசாலையுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். காளிங்கனோடு சேர்த்து என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்!"

சபை வாயைப் பிளந்தது. பூபதிராயருக்கோ கால் தரையில் பாவவில்லை. அமைச்சர் பதவியே காலி ஆகப்போகிறதே!

வீட்டில் ஆதிமூலம் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ரசம் ஆறிப் போகுது" என்றாள் மனைவி.

"கழுத்தே நிக்குமான்னு தெரியலை. ரசம் எங்கே இறங்குறது?"

புது அச்சு வெட்ட மாதக்கணக்கில் ஆகும், ஒரே ராத்திரியில் ராயரால் முடியாது என்று தெரியும். ஆனால் காளிங்கனே நிஜமாகத் தவறியிருந்தால்? அந்தப் பயம் அவரை விடவே இல்லை.

மறுநாள் பூபதிராயர் வெள்ளித்தட்டில் காசுகளைக் கொண்டு வந்தார். "கடைவீதி முழுக்க அலைந்து பொறுக்கினேன் மகாராஜா. எல்லாவற்றிலும் கொம்பு!"

ராஜா பல்லைக் கடித்தார். "ஆதிமூலம், என்ன சொல்கிறீர்?"

"என் தலையை வாங்க வந்த காசுகள். இவற்றையாவது நான் பார்க்கலாமா?"

ராஜா தலையாட்டினார். ஆதிமூலம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட, போன உயிர் திரும்பி வந்தது.

"மகாராஜா, ஒரே அச்சில் பிறந்தவை அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். இங்கே ஒரு கொம்பு உச்சியில், ஒன்று காதுமேல், ஒன்று பிடரியில்!"

"அச்சுகள் பல இருக்கும்!" என்று பாய்ந்தார் ராயர். "ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி தவறியிருப்பான்!"

"அப்படியா? மூக்கு நுனியிலிருந்து விளிம்பு வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதே, எல்லாக் காசிலும்! விரிசல் விட்ட அச்சில் அடித்தால் விழும் கோடு அது. இரண்டு அச்சு ஒரே மாதிரி விரிசல் விடுமா? ஆக, எல்லாம் ஒரே அச்சுதான்." ஆதிமூலம் மடியிலிருந்து ஒரு காசை எடுத்தார். "இது போன மாதச் சம்பளத்தில் எனக்கு வந்தது. இதிலும் அதே கோடு. கொம்பைத்தான் காணோம். சபையோர் சம்பளத்துக்கு அடித்ததும் அந்த அச்சை உடைத்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் காசெல்லாம் போனது சபையோர் கைக்கு மட்டும்தான். ராயரே, உம்முடைய சம்பளப் பையைக் கொண்டுவரச் சொல்லலாமா?"

ராயர் வெள்ளித்தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். ராஜா ஒரு காசை எடுத்து நகத்தால் சுரண்டினார். ஒட்டவைத்த கொம்பு பொட்டென்று உதிர்ந்தது.

காளிங்கனின் கட்டை அவிழ்த்தார்கள். ராஜா தன் முத்துமாலையை ஆதிமூலத்துக்குப் போட்டார். பிறகு இன்னொரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆதிமூலம், இது கொம்பா, பிறையா?"

"பிறைதான் மகாராஜா. சிவபெருமான் சூடியிருப்பது."

"அப்படியானால் இனிமேல் எல்லாக் காசிலும் இதைப் போடும்!"

ஆதிமூலம் கழுத்தைத் தடவிக்கொண்டார். "யாராவது கொம்பு என்று சொல்லிவிட்டால், மகாராஜா?"

"அதற்குத்தான் ராயர் இருக்கிறாரே!"

அன்றிலிருந்து பூபதிராயருக்குத் தங்கசாலை வாசலில் வேலை. வெளியே போகும் ஒவ்வொரு காசையும் கையில் எடுத்து, "இது பிறை" என்று உரக்கச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். கடைவீதிக்காரர்கள் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து எதிரே நின்றுகொண்டார்கள்.

"ராயரே, காதில் விழவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக!"